திறக்கவே மாட்டேங்குற பூட்டு: பிக்கிங் பழகுறவங்க அங்க இருந்து வெளிய வர்றது எப்படி

பொழுதுபோக்குக்கு லாக் பிக்கிங், அதாவது சாவி இல்லாம பிக்குங்கிற மெல்லிசு கம்பியால பூட்டைத் திறக்கிறது, பழகுற எல்லாருக்கும் இந்தக் கட்டம் வரும். மாஸ்டர் லாக் 3ஆம் நம்பர் மாதிரி சாதா பூட்டெல்லாம் சட்டு சட்டுன்னு திறக்கும், சரி கை வந்துருச்சுன்னு அடுத்து ஒரு அமெரிக்கன் லாக் 1100 வாங்குவீங்க, அதுல வாரக்கணக்கா உக்காந்தாலும் ஒண்ணும் நகராது, விரல்ல பள்ளம் விழும், நமக்கு இது வராது போலன்னு பிக்கை மேசையில போட்டுட்டு எழுந்துருவீங்க. நானும் அதே பூட்டோட ரொம்ப நாள் மல்லுக்கட்டினவன்தான். அப்ப யாராவது உக்கார வச்சு தமிழ்ல சொல்லியிருந்தா பாதி நாள் மிச்சமாயிருக்கும், அதுக்காகத்தான் இதை எழுதுறேன். ஒரு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்கிட்டு படிங்க: பூட்டு திறக்கலைன்னா உள்ள இருக்கிற பின்கள்ல, அதாவது சாவி தூக்குற குட்டி உலோகத் துண்டுகள்ல, எது என்ன நிலைமையில நிக்குதுன்னு கண்டுபிடிக்கணும், அது தெரியாம அழுத்திக்கிட்டே இருந்தா விடிய விடிய அழுத்தலாம்.

1. முதல்ல விதி, பில், சட்டம்

இந்தப் பழக்கம் இருக்கிறவங்க உலகம் முழுக்க கடைபிடிக்கிற விதி ரெண்டு. உங்க சொந்தப் பூட்டை மட்டும் தொடுங்க, இல்லன்னா பூட்டுக்குச் சொந்தக்காரர் வாயால சரின்னு சொல்லியிருக்கணும். அடுத்தது, உபயோகத்துல இருக்கிற பூட்டைத் தொடவே தொடாதீங்க, அது உங்க வீட்டு வாசக்கதவா இருந்தாலும் சரி. ரெண்டாவதைத்தான் நெறைய பேர் மீறுவாங்க. நம்ம வீடுதானேன்னு கை வைப்பாங்க, உள்ள ஸ்பிரிங் வளைஞ்சிரும், இல்லன்னா பிக் முனை உடைஞ்சு உள்ளயே மாட்டிக்கும், அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு சாவி பண்றவரைத் தேடி அலையணும்.

பூட்டு வாங்குன பில், கருவி வாங்குன பில் ரெண்டையும் ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. சட்டம் ஊருக்கு ஊர் மாறும். இங்கிலாந்து, வேல்ஸ்ல இருக்கிறவங்களுக்கு 1968ஆம் வருஷ திருட்டுச் சட்டத்தோட 25வது பிரிவு, கனடாவுல கிரிமினல் கோட் 351வது பிரிவு, மும்பையில இருக்கிற நம்மாளுங்களுக்கு மகாராஷ்டிரா போலீஸ் சட்டம் 122வது பிரிவு. கடைசி சொன்னதுல பொழுது சாய்ஞ்சதுல இருந்து விடியிற வரைக்கும் தகுந்த காரணம் இல்லாம வீடு உடைக்கிற கருவியோட பிடிபட்டா குற்றம். எல்லாத்துலயும் கேள்வி ஒண்ணுதான், இதை எதுக்கு வச்சிருக்கீங்க. அதனால கருவி வீட்டுல இருக்கட்டும், பர்ஸுலயும் பைக் டேங்க் கவர்லயும் வேண்டாம். ஃப்ரெண்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்கன்னா பழகுற பூட்டுகளையும் சேர்த்து ஒரே டப்பாவுல போட்டு பகல்ல எடுத்துட்டுப் போங்க.

2. கையில இருக்கிறது என்ன பூட்டுன்னு பாருங்க

இந்தியாவுல ஆரம்பிக்கிறவங்க மாட்டுற முதல் பொறி இதுதான். வீட்டுல இருக்கிற கோத்ரெஜ் நவ்தால் எடுத்து வச்சுக்கிட்டு பின் பூட்டுக்கான கிட்டோட உக்காருவாங்க. நவ்தால் லீவர் பூட்டு. உள்ள அடுக்கடுக்கா தகடு இருக்கும், பின்னே கிடையாது. திண்டுக்கல் கைவேலைப் பூட்டுகளும் பெரும்பாலும் லீவர் வகைதான். அதுக்குக் கருவியும் வேற, முறையும் வேற. நீங்க ஒரு வருஷம் ஹூக் (முனை வளைஞ்ச பிக்) போட்டு நோண்டினாலும் அது உங்க தப்பு கிடையாது.

சாவியைப் பாருங்க. ஒரு ஓரம் மட்டும் மலைமலையா வெட்டி, பக்கவாட்டுல நீளமா பள்ளம் ஓடுச்சுன்னா பின் பூட்டு, அதுதான் வேணும். அதுல சாவி போய் சுத்துற உருளைக்குப் பேர் கோர். ஒவ்வொரு பின்னும் ரெண்டு துண்டு: சாவியைத் தொடுறது கீ பின், அதுக்கு அந்தப் பக்கம் ஸ்பிரிங் அழுத்துறது டிரைவர் பின். கோரும் வெளி உடம்பும் சேருற கோடு ஷியர் லைன். ரெண்டு துண்டும் பிரியுற இடம் அந்தக் கோட்டுக்கு வந்து நின்னா அந்தப் பின் செட், எல்லாம் செட் ஆனாத்தான் கோர் சுத்தும். சாவி முகத்துல குழி குழியா இருந்தா டிம்பிள், அது அப்புறம் பாத்துக்கலாம்.

உள்ளூர்லயே கிடைக்கிற நல்ல பயிற்சிப் பூட்டு ஒண்ணு இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க. ஹார்டுவேர் கடையில மார்ட்டைஸ் (கதவுக்குள்ள பதிக்கிற பூட்டு) கைப்பிடிக்குப் போடுற பித்தளை சிலிண்டர், சாதா சாவி வர்றது. சில நூறு ரூபாய்க்கு தனியா கிடைக்கும். பெரும்பாலும் அஞ்சு இல்ல ஆறு பின், கழட்டி மாட்டலாம். கழட்ட முடியுறது எவ்வளவு பெரிய வரம்னு 8வது படியில தெரியும்.

கண்ணாடி மாதிரி உள்ள தெரியுற பிளாஸ்டிக் பூட்டு கிட்டோட வரும். உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சிக்க ஒரு நாள் வச்சுப் பாருங்க, அவ்வளவுதான். கண்ணால பாத்துப் பழகினா விரல் பழகாது.

3. பூட்டு வரிசை, செலவு

பாதி எரிச்சல் வர்றது ரெண்டு மூணு படியைத் தாண்டி குதிக்கிறதாலதான். நான் சொல்ற வரிசை இது: மாஸ்டர் லாக் 3, அதுல பிக்கை ஏமாத்துற செக்யூரிட்டி பின் கிடையாது. அப்புறம் மாஸ்டர் லாக் 140, பித்தளை, உள்ள ஸ்பூல் பின், அதாவது இடுப்பு ஒடுங்கின பின் வரும். அப்புறம் ஆபஸ் 55/40, இதுலயும் ஸ்பூல்தான் ஆனா சாவி ஓட்டை நெளிஞ்சு இருக்கும். அடுத்து மாஸ்டர் லாக் 410, ஃபேக்டரியில மெஷினை நிறுத்திப் பூட்டுற பிளாஸ்டிக் உடம்புப் பூட்டு, ஆறு பின். அதுக்கப்புறம் அமெரிக்கன் 1100. 140லயே ஸ்பூல் என்னன்னு கை புரிஞ்சுக்காம நேரா 1100க்குப் போனா ஸ்பூலும் செரேட்டடும் (வளையம் வளையமா பள்ளம் வெட்டின பின்) ஒண்ணா வந்து மேல விழும், எது எதுன்னு பிரிக்கத் தெரியாது.

ஒரு தடவை திறந்துட்டா அடுத்ததுக்கு ஓடாதீங்க. ஒரு தடவை திறக்கிறது அதிர்ஷ்டமாவும் இருக்கலாம். அதே பூட்டை வேற வேற நாள்ல அஞ்சாறு தடவை திறக்க முடிஞ்சா அது உங்களோடது.

வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா 1100 புதுசு 20, 25 டாலர் பக்கம் வரும், ஷிப்பிங் தனி, கஸ்டம்ஸ் தனி. கூரியர்ல வந்தா பார்சலை விடுறதுக்கு முன்னாடி கேஒய்சி கேப்பாங்க, ஆதாரோ பேனோ அப்லோட் பண்ணணும், மெயில் வந்த அன்னைக்கே பண்ணிருங்க, இல்லன்னா பார்சல் அங்கயே கிடக்கும். தபால்ல வந்தா டியூட்டியை போஸ்ட்மேன்கிட்ட கட்டி வாங்கணும். ரெண்டு மூணு வாரத்துல இருந்து ஒன்றரை மாசம் வரைக்கும் ஆகலாம்னு வச்சுக்கிட்டு ஆர்டர் போடுங்க, நாலஞ்சு பேர் சேர்ந்து போட்டா ஷிப்பிங் பங்கு பிரியும்.

4. கருவி

இருபது முப்பது துண்டு கிட் வாங்காதீங்க, காசு தண்டம். ஒரு சின்ன ஹூக், கொஞ்சம் உயரமான ஹூக் ஒண்ணு, ரெண்டு மூணு கனத்துல டென்ஷன் கம்பி (கோரை சுத்துற பக்கம் லேசா அழுத்திப் பிடிக்கிறது, அந்த அழுத்தம்தான் டென்ஷன்), இது போதும். ஹூக்கோட தடிமன் பாருங்க. சாதாரணமா 0.6 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும், நெளிஞ்ச சாவி ஓட்டைக்கு 0.4 பக்கம் வேணும். தடியான பிக் சுவர்ல உரசும், நீங்க அதை பின்னுன்னு நினைச்சுப்பீங்க.

வீட்டுலயே பண்றதுன்னா ஆக்ஸா பிளேடு. தடிமன் சரியா பொருந்தும், விலை சில பத்து ரூபாய். அரைக்கும்போது சூடு ஏறி நீலம் பாய்ஞ்சா எஃகு மெத்துனு ஆயிரும், ரெண்டு செகண்டு அரைச்சு தண்ணியில முக்கி மறுபடி அரைக்கணும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கடைசியில 400, 800, 1000ன்னு எமரி பேப்பர் ஏத்திக்கிட்டே போய் பளபளன்னு தேயுங்க, சொரசொரப்பா இருந்தா பின்னோட சேதி விரலுக்கு வராது. டென்ஷன் கம்பிக்கு பழைய கார் வைப்பர் பிளேடுக்குள்ள ஓடுற மெல்லிசு ஸ்டீல் பட்டை அருமையான சாமான், மெக்கானிக் கடையில கேட்டா சும்மாவே தருவாங்க.

டென்ஷன் கம்பியை சாவி ஓட்டையோட எந்தப் பக்கம் மாட்டணும்கிறது முக்கியம். சாவியோட வெட்டு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்க ஓரத்துல, அதாவது பின்னுங்க இருக்கிற பக்கம், வாய்கிட்டயே, ஒரு மில்லிமீட்டர் பக்கம் கனமுள்ள தட்டைக் கம்பியை இறுக்கமா மாட்டினா பிக் போக மிச்ச இடம் முழுக்க காலியா கிடைக்கும். கம்பி முதல் பின்னைத் தொடக்கூடாது, தொட்டா அந்தப் பின் நகரவே நகராது, நீங்க காரணம் தெரியாம தவிப்பீங்க.

5. ஒவ்வொரு பின்னையும் விசாரிக்கணும்

இதுதான் இந்தக் கட்டுரையோட உயிர். வேற எதைப் படிக்கலைன்னாலும் இதைப் படிங்க.

லேசா டென்ஷன் கொடுத்துட்டு, உள்ளிருந்து வெளிய ஒவ்வொரு பின்னா தொட்டு மெதுவா ஆட்டிப் பாருங்க, தூக்காதீங்க. ஒவ்வொரு பின்னும் நாலு நிலைமையில ஒண்ணுல இருக்கும்.

ஸ்பிரிங்கா துள்ளுதுன்னா இன்னும் அதோட முறை வரல, விட்டுருங்க. கெட்டியா நிக்குதுன்னா அதுதான் பிடிச்சிருக்கிற பின், அதைத்தான் தூக்கணும். ஸ்பிரிங் அழுத்தமே இல்லாம துளியூண்டு லொடலொடன்னு ஆடுதுன்னா அது செட் ஆயிருச்சு, அந்தப் பக்கமே போகாதீங்க. இருக்க வேண்டிய இடத்துக்கு மேல போய் அசையாம நிக்குதுன்னா ஓவர்செட், அதாவது கீ பின் ஷியர் லைனைத் தாண்டிருச்சு, இனி டென்ஷனை விடாம அது இறங்காது.

பூட்டு திறக்கலைன்னு எரிச்சல் வர்ற நேரத்துல நம்ம கை என்ன பண்ணும்னா ஏற்கனவே செட் ஆன பின்னைத் திரும்பத் திரும்ப தூக்கும். அது ஓவர்செட் ஆகும். அதுக்கப்புறம் மத்த பின்னு எல்லாத்தையும் சரியா பண்ணினாலும் திறக்காது. மணிக்கணக்கா உக்காந்து திறக்காத பூட்டுல பெரும்பாலும் இந்தக் கதைதான் நடந்திருக்கும்.

ஓவர்செட் சந்தேகம் வந்துச்சுன்னா பூட்டைக் காதுகிட்ட வச்சு டென்ஷனை ரொம்ப ரொம்ப மெதுவா விடுங்க. பின்னுங்க ஒவ்வொண்ணா விழுற சத்தம் கேக்கும். ஒண்ணு விழுந்ததும் அப்படியே பிடிச்சுக்கிட்டு மறுபடி எல்லாத்தையும் ஆட்டிப் பாருங்க, சில நேரம் விழுந்தது அந்த ஓவர்செட் பின்னாவே இருக்கும், மத்ததெல்லாம் இடத்துலயே நிக்கும், அடுத்த நிமிஷம் திறந்துரும்.

6. டென்ஷன் எவ்வளவு

புதுசா வர்றவங்க பத்துல ஒம்போது பேர் ஜாஸ்தி கொடுப்பாங்க. நகத்துக்கு அடியில வெள்ளையாச்சுன்னா ஜாஸ்தி. கம்பி நல்லா வளையுதுன்னா ஜாஸ்தி. பின்னைத் தூக்க பிக் வளையுதுன்னா ரொம்ப ஜாஸ்தி.

அளவு கண்டுபிடிக்க ஒரு பயிற்சி இருக்கு. வேணும்னே அழுத்தமா டென்ஷன் கொடுங்க, பிடிச்சிருக்கிற பின்னைத் தேடி அது மேல பிக்கை வச்சு லேசா அழுத்தியபடி நில்லுங்க, இப்ப அது நகராது. அப்படியே டென்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டே வாங்க. ஒரு இடத்துல பின் வழுக்கி மேல நகர ஆரம்பிக்கும். அந்த அளவுதான் உங்க அளவு. இதை தினமும் உக்கார்ந்ததும் முதல் வேலையா கொஞ்ச நேரம் பண்ணுங்க, திறக்கணும்கிற எண்ணமே இல்லாம.

7. ஸ்பூல் பின்: திறந்த மாதிரி ஏமாத்துற இடம்

ஸ்பூல் பின் நடுவுல இடுப்பு ஒடுங்கின டிரைவர் பின். அந்த இடுப்பு ஷியர் லைன்ல மாட்டினதும் கோர் சில டிகிரி சுத்தி நின்னுரும். இதுக்குப் பேர் ஃபால்ஸ் செட். திறந்துருச்சுன்னு சந்தோஷப்பட்டு டென்ஷனை ஏத்தினா அவ்வளவுதான், இறுகிக்கும். ஆனா உண்மையில இது நல்ல செய்தி, மிச்சம் இருக்கிறது ஸ்பூல் மட்டும்தான்னு பூட்டே சொல்லுது.

இப்ப ஒவ்வொரு பின்னையும் மெதுவா மேல அழுத்துங்க. எதை அழுத்தும்போது கோர் எதிர்ப்பக்கமா திரும்பி உங்க டென்ஷன் விரலைத் தள்ளுதோ அது ஸ்பூல். தள்ளும்போது எதிர்த்து நிக்காதீங்க. தூளி ஆட்டும்போது கயிறு போற பக்கம் கை விட்டுக்கொடுத்துக்கிட்டே இருக்குமே, பிடியை விடாம, அந்த மாதிரி விரல் கூடவே போகணும். ஒரு கட்டத்துல டக்குன்னு ஒரு சத்தம் வந்து கோர் மறுபடி முன்னால வரும், முன்ன நின்ன இடத்தைவிட கொஞ்சம் கூட.

விட்டுக்கொடுக்கும்போது ஏற்கனவே செட் ஆன ஒண்ணு ரெண்டு பின் கீழ விழும். பதறாதீங்க, எல்லாம் போச்சுன்னு மொத்தமா விட்டுராதீங்க, மறுபடி 5வது படி, விழுந்ததைத் தேடி ஏத்துங்க. விழுந்தது பெரும்பாலும் சாதா பின்னாத்தான் இருக்கும், சுலபமா ஏறும்.

8. செரேட்டட், அதுவும் 1100

1100ல அஞ்சு பின்னுதான், ஆனா டிரைவர் பின்னுலயும் கீ பின்னுலயும் வளையம் வளையமா பள்ளம் வெட்டியிருக்கும். அதனால ஒவ்வொரு தூக்கலுக்கும் ஒரு கிளிக் வரும், ஒவ்வொரு கிளிக்கும் செட் ஆன மாதிரியே இருக்கும், கோர் மட்டும் அசையாது. கீ பின்னுலயும் பள்ளம் இருக்கிறதால கொஞ்சம் கூடுதலா தூக்கினாலே அது போய் ஷியர் லைன்ல கடிச்சுக்கும். ஸ்பூல்ல பழகின பலம் இங்க ஆகாது.

ஒரு பின்னுல ஒரு கிளிக் வந்ததும் கையை எடுத்துட்டு அடுத்த பின்னுக்குப் போங்க. எல்லாத்தையும் ஒரு சுத்து விசாரிச்சுட்டு திரும்ப வரும்போது அதே பின் மறுபடி கெட்டியா நின்னா இன்னொரு கிளிக், அதுக்கு மேல வேண்டாம். ஒரே பின்னை கிளிக் கிளிக்னு துரத்திக்கிட்டு மேல போறதுதான் இங்க இருக்கிற பெரிய பொறி. டென்ஷன் 140க்குக் கொடுத்ததைவிட குறைவு. சில டிரைவர் ஸ்பூலாவும் இருக்கும், அப்ப 7வது படி உள்ள வரும்.

இதுல தொடர்ந்து தோத்துக்கிட்டே இருந்தா கழட்டுங்க, அதுல அவமானம் ஒண்ணும் இல்ல, சாவி வச்சுத் திறந்துட்டு கொக்கித் துவாரத்துக்குள்ள பாத்தா அடியில ஒரு ஸ்க்ரூ இருக்கும், நீளமான ஸ்க்ரூ டிரைவர் விட்டுக் கழட்டினா சிலிண்டர் வெளிய வந்துரும். லேமினேட்டட் மாஸ்டர் 3 மாதிரி ரிவெட் அடிச்சதெல்லாம் இப்படி கழட்ட முடியாது, அதனாலதான் மார்ட்டைஸ் சிலிண்டர் வாங்கச் சொன்னேன், அதுல கோர் முனையில இருக்கிற கிளிப்பை எடுத்தா போதும்.

கோரை வெளிய தள்ள அதே அகலத்துக்கு இழைச்ச உருண்டை மரக்குச்சி ஒண்ணு வேணும். சாவியைப் போட்டு பத்து பதினஞ்சு டிகிரி திருப்பின நிலையில, குச்சியால கோரை விடாம ஒட்டித் தள்ளுங்க, நடுவுல இடைவெளி விட்டா டிரைவரும் ஸ்பிரிங்கும் துள்ளி ஓடிரும். ஒரு வெள்ளைத் துண்டு விரிச்சு அது மேல பண்ணுங்க, ஃபேனை நிறுத்திருங்க. எடுத்த பின்னை எடுத்த வரிசையிலயே ஐஸ் டிரேயில ஒவ்வொரு குழியா வைங்க, போட்டோ எடுத்துக்கோங்க.

இப்ப ஒரே ஒரு பின்னோட மாட்டித் திறங்க. கண்ணை மூடிக்கிட்டு திறக்க வந்ததும் ரெண்டு, அப்புறம் மூணு. செரேட்டட் பின் ஒண்ணு மட்டும் தனியா இருக்கும்போது பொய் கிளிக் எப்படி, நிஜ கிளிக் எப்படின்னு விரல் பிரிச்சுப் படிச்சுக்கும், அஞ்சோட கலந்து இருக்கும்போது அது நடக்காது. எனக்கு மொத்த பூட்டும் புரிஞ்சது இந்த வேலையிலதான், அதுக்கு முன்னாடி இருந்த வாரங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அஞ்சாவது பின் வரைக்கும் போக சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம்.

9. நேரமும் நோட்டும்

ஃபோன்ல இருபது நிமிஷம் டைமர். அடிச்சதும் வைங்க, நடுவுல ஃபால்ஸ் செட்ல இருந்தாலும் வைங்க. எரிச்சல் ஏறினா கை தானா இறுகும், இறுகின கைக்குப் பூட்டு பேசாது. முடிக்கிறதுக்கு முன்னாடி சுலபமான பூட்டு ஒண்ணை ரெண்டு தடவை திறந்துட்டு எழுந்துருங்க, தோத்த கையோட தூங்கப் போக வேண்டாம். பூட்டுப் பிடிக்கிற கை மணிக்கட்டு வலிச்சா சின்ன வைஸ்ல மாட்டிக்கலாம், ஆனா ரொம்ப இறுக்கக் கூடாது.

நோட்டுல எழுதுங்க: எந்தப் பக்கம் சுத்துது, எந்தக் கம்பி, முதல்ல பிடிச்சது எத்தனாவது பின், அடுத்தது எது, எதுல கோர் பின்னால தள்ளுச்சு. அதே பூட்டு அதே பக்கம் சுத்தினா பிடிக்கிற வரிசை பெரும்பாலும் மாறாது, நாலு நாள் எழுதினா பூட்டோட வரைபடம் கைக்கு வந்துரும். ஃபோனை ஸ்டாண்டுல வச்சு வீடியோவும் எடுங்க, கோர் பின்னால திரும்புறது விரலுக்குத் தெரியாம போனது கண்ணுக்குத் தெரியும்.

10. எல்லாம் பண்ணியும் திறக்கலையா

சாவியைப் பக்கத்துல வச்சு வெட்டைப் பாருங்க. முன்னாடி இருக்கிற பின்னை ரொம்ப தூக்க வேண்டாத மாதிரியும், அதுக்குப் பின்னாடி இருக்கிறது ரொம்ப தூக்கணும்கிற மாதிரியும் இருந்துச்சுன்னா, நீங்க பின்னால தூக்கும்போது பிக்கோட தண்டு முன்னாடி இருக்கிற பின்னை ஓவர்செட் பண்ணிக்கிட்டு இருக்கும். உயரமான ஹூக்குக்கு மாறுங்க. பூட்டு பழசா, தூசியா இருந்தா டெஃப்லான் லூப்ரிகன்ட் ஒரு சொட்டு, தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது நாளானா பிசுபிசுன்னு ஆயிரும். சாவி போட்டுத் திறக்கும்போதே கரகரங்குதுன்னா அந்தப் பூட்டே சரியில்ல, வேற எடுங்க.

திறந்த அன்னைக்கு ஒரு எச்சரிக்கை இருக்கு. சிலிண்டர் திறந்த சந்தோஷத்துல கோரை அப்படியே முழுசா சுத்தாதீங்க. 180 டிகிரி வந்ததும் சாவி ஓட்டை தலைகீழா டிரைவர் பின்னுக்கு நேரா வந்து நிக்கும், ஸ்பிரிங் அழுத்தி டிரைவரெல்லாம் அந்த ஓட்டைக்குள்ள இறங்கிக்கும், கோர் அங்கயே லாக் ஆயிரும். மாட்டிக்கிச்சுன்னா பலமா திருகாதீங்க, பிக்கோட தட்டையான பின்புறத்தை சாவி ஓட்டையில முழு நீளத்துக்கு விட்டு, இறங்கின பின்னை எல்லாம் ஒண்ணா உள்ள தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, டென்ஷன் கம்பியால மெதுவா திருப்பிக் கொண்டு வாங்க.